மினி டிராக்டர் மக்கர் செய்தால்: அறிகுறியிலிருந்து காரணத்தைப் பிடிக்கும் வழி

மஞ்சள் காட்டிலும் வாழைத் தோட்டத்திலும் தென்னந்தோப்பிலும் வரிசைக்கு நடுவே நுழைந்து ஓடுகிற, 18 முதல் 30 குதிரைத்திறன் வரையுள்ள சிறு டீசல் டிராக்டர்களை வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வண்டி வழக்கத்துக்கு மாறாக நடந்துகொள்ளும்போது நம் கண்ணுக்கும் காதுக்கும் முதலில் எட்டுவது எது, அதைக் கொண்டு எங்கே கை வைக்க வேண்டும், எங்கே கை வைக்காமல் மெக்கானிக்கை அழைக்க வேண்டும் என்ற வரிசையில் சொல்லியிருக்கிறேன். இவ்வண்டிகளில் வரும் தொல்லைகளில் பெரும்பகுதி, தூசி, தண்ணீர், காற்று என்ற மூன்றில் ஒன்று இருக்கக்கூடாத இடத்தில் போய் உட்கார்ந்துகொள்வதால் வருபவை. ஆகவே செலவில்லாத சோதனையை முதலிலும், ஸ்பேனர் தேவைப்படும் சோதனையை அடுத்தும், எஞ்சினைத் திறப்பதை எல்லாவற்றுக்கும் கடைசியிலும் வைத்துக்கொள்ள வேண்டும்.

எந்தச் சோதனையைத் தொடங்கும் முன்பும் வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, கருவியைத் தரையில் இறக்கி, கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, சாவியைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். ஓடும் எஞ்சினில் பார்க்க வேண்டியவை சில உண்டு. அவற்றைப் பார்க்கும்போது தொங்கும் துண்டும் வேட்டி முனையும் ஃபேனுக்கும், பின்னால் கருவியைச் சுழற்றும் பி.டி.ஓ. தண்டுக்கும் அருகில் போகவே கூடாது.

சாவியைத் திருப்பினால் சத்தமே வரவில்லை

முதலில் விளக்குகளைப் பாருங்கள். டேஷ்போர்டில் ஒரு விளக்கும் எரியவில்லை என்றால் மெயின் ஃபியூஸ் போயிருக்க வேண்டும், அல்லது பேட்டரி டெர்மினல் கழன்றிருக்க வேண்டும். விளக்குகள் நன்றாக எரிந்தும், எஞ்சினைச் சுற்றிவிடும் மோட்டாரான செல்ஃப் அசையவில்லை என்றால் பாதுகாப்புச் சுவிட்சுகளைச் சந்தேகிக்க வேண்டும். கிளட்சை முழுவதும் மிதித்தால்தான், பி.டி.ஓ. லீவர் விடுபட்டிருந்தால்தான், சில வண்டிகளில் கியர் நியூட்ரலில் இருந்தால்தான் செல்ஃபுக்கு மின்சாரம் போகும். சேற்றுழவு முடிந்த பிறகு கிளட்ச் மிதிக்குக் கீழே இருக்கும் சுவிட்சில் சேறு காய்ந்து இறுகிப்போவது அடிக்கடி நடக்கிற ஒன்று. அதைக் கழுவித் துடைத்தாலே பல வண்டிகள் எழுந்துவிடும். இந்தச் சுவிட்சுகளை ஒயர் போட்டு நேரடியாக இணைத்துவிடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கியரில் நிற்கும் வண்டி, சாவி போட்ட கணத்தில் முன்னால் நிற்பவர் மீது ஏறிவிடும்.

"டக்" என்ற ஒற்றைச் சத்தமோ, இழுத்து இழுத்துச் சுற்றும் சத்தமோ வந்தால் பேட்டரிப் பக்கம் போகலாம். இரவு முழுவதும் ஓய்வில் இருந்த 12 வோல்ட் பேட்டரி, மீட்டரில் 12.6 வோல்ட் அளவில் காட்டினால் நிறைவாக இருக்கிறது, 12.2 காட்டினால் பாதிதான் இருக்கிறது. செல்ஃப் சுற்றும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பேட்டரி தளர்ந்துவிட்டது என்று கொள்ளலாம். ஆனால் புதுப் பேட்டரி வாங்கும் முன் டெர்மினல்களைக் கழற்றிப் பச்சை பூத்த படிவை வெந்நீரால் கழுவித் தேய்த்து இறுக்குங்கள். பேட்டரியிலிருந்து சேஸிஸுக்குப் போகும் எர்த் பட்டையின் மறுமுனையையும் அப்படியே சுத்தம் செய்யுங்கள். அந்த மறுமுனையை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, கோளாறு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். கழற்றும்போது நெகட்டிவ் முனையை முதலிலும், மாட்டும்போது அதையே கடைசியிலும் தொட வேண்டும்.

எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை காட்டினால் டைனமோ வேலை செய்கிறது. அதற்குக் குறைந்தால் பெல்ட் தளர்ந்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

செல்ஃப் வேகமாகச் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை

இப்போது பார்க்க வேண்டிய இடம் சைலன்சர். செல்ஃப் சுற்றும்போது ஒருவர் சைலன்சர் வாயைக் கவனிக்கட்டும். வெண்புகை வந்தால் டீசல் சிலிண்டருக்குப் போகிறது, ஆனால் எரியவில்லை. புகையே இல்லையென்றால் டீசல் போகவே இல்லை. இந்த ஒரு பார்வை பாதி வேலையை முடித்துவிடும்.

வெண்புகை வருகிற வண்டியில், சிலிண்டரை முன்கூட்டிச் சூடாக்கும் குளோ பிளக் இருக்குமானால் சாவியை ஹீட்டர் நிலையில் சில விநாடிகள் பிடித்திருந்த பிறகே செல்ஃப் அடிக்க வேண்டும். மார்கழிக் காலையில் மட்டும் தகராறு செய்து வெயில் ஏறியதும் ஒழுங்காக எழும் வண்டியில் குளோ பிளக் ஒன்றோ இரண்டோ செத்திருக்க வாய்ப்பு அதிகம். ஒயரைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு பிளக்கையும் மீட்டரில் ஓம் நிலையில் சோதித்தால் நல்ல பிளக் ஓரிரண்டு ஓமுக்குள் காட்டும்; செத்தது ஒன்றும் காட்டாது. பிளக்குகள் நன்றாக இருந்தும், செல்ஃப் வேகமாகச் சுற்றியும் வெண்புகையாகவே வந்தால் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று இறுகும் அழுத்தம், குறைந்திருக்கலாம். அது மெக்கானிக் பார்க்க வேண்டிய வேலை.

புகை வராத வண்டியில், எஞ்சினை நிறுத்த இழுக்கும் ஸ்டாப் நாப் முழுவதும் உள்ளே போயிருக்கிறதா என்று பாருங்கள். சாவியிலேயே நிற்கும் வண்டி என்றால், டீசல் பம்பில் இருக்கும் சொலினாய்டு (மின்சாரத்தில் இயங்கும் அடைப்பான்) சாவி போட்டதும் "டிக்" என்று ஒலிக்கிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள். டேங்கில் டீசல் உண்டா, டேங்குக்கு அடியில் உள்ள திருகு திறந்திருக்கிறதா என்பதும் கேட்க வேண்டிய கேள்விகளே. இவை அனைத்தும் சரியென்றால் குழாயில் காற்றுப் புகுந்திருக்கிறது, அதாவது ஏர் லாக்.

ஏர் எடுக்கும் முறை இது. டேங்கில் போதுமான டீசல் நிரப்பி, ஃபில்டரைச் சுற்றியும் பம்பைச் சுற்றியும் உள்ள மண்ணைத் துடைத்துவிடுங்கள். ஃபில்டர் தலையில் இருக்கும் ஏர் ஸ்குரூவை இரண்டு சுற்று தளர்த்தி, கை பம்பை அடித்துக்கொண்டே இருங்கள். முதலில் நுரையாகவும் பிறகு குமிழ் குமிழாகவும் வந்து, கடைசியில் கம்பிபோல் தெளிந்த டீசல் வரும். அது வரும்போதே, பம்பை நிறுத்தாமல் ஸ்குரூவை முடுக்க வேண்டும். அடுத்துப் பம்பில் உள்ள ஏர் ஸ்குரூவிலும் இதையே செய்யுங்கள். பெரும்பாலான வண்டிகள் இதற்குள் எழுந்துவிடும். எழவில்லையென்றால், சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசிலுக்குப் போகும் குழாய்களின் நட்டுகளை அரைச் சுற்று தளர்த்தி, செல்ஃப் அடித்து, அங்கே டீசல் கசிந்து தெறித்ததும் முடுக்கலாம். செல்ஃபைத் தொடர்ந்து பத்து விநாடிகளுக்கு மேல் சுற்றவிடாமல், இடையில் அரை நிமிடம் ஓய்வு கொடுங்கள்.

இந்தக் கடைசிப் படியில் கை, முகம் எதையும் அருகில் கொண்டுபோகக் கூடாது. நாசில் பீறிடும் அழுத்தம் நூறு பாரைத் தாண்டியது; டயரில் நாம் அடிக்கும் காற்றைப் போல ஐம்பது மடங்குக்கும் மேல். அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்துச் சதைக்குள் போய்விடும், வெளியில் ஊசி குத்திய புள்ளிதான் தெரியும். அப்படி நேர்ந்தால் வலி இல்லையென்று வீட்டில் இருந்துவிடாமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். எல்லா நாசிலுக்கும் பொதுவான ஒரே குழாயில் மிக உயர்ந்த அழுத்தத்தில் டீசல் நிற்கும் காமன் ரெயில் எஞ்சின் என்றால் நாசில் குழாயை நாம் தொடவே கூடாது.

நன்றாக எழுகிறது, சற்று நேரம் ஓடி நின்றுவிடுகிறது

என்னை அதிகம் அலைக்கழித்த அறிகுறி இதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். எங்கள் வண்டி ஒரு மஞ்சள் பட்டத்தில் காலையில் நன்றாக எழும். இருபது நிமிடம் ரொட்டவேட்டர் (சுழலும் பிளேடுகளால் மண்ணைக் கிளறும் கருவி) ஓட்டியதும் மூச்சு வாங்கி, இழுவை விழுந்து நின்றுவிடும். கால் மணி நேரம் நிழலில் நிறுத்தி வைத்தால் மறுபடியும் ஒன்றும் நடக்காததுபோல் எழுந்து ஓடும். டீசல் ஃபில்டரை மாற்றினோம், ஏர் எடுத்தோம். ஒரு பட்டறையில் பம்பையும் நாசிலையும் கழற்றி அனுப்பிச் சரிபார்த்து வாங்கி மாட்டியும் அதே இருபது நிமிடம்தான் ஓடியது. கடைசியில் வண்டி நின்ற இடத்தில் டீசல் அளவு பார்ப்பதற்காக டேங்க் மூடியைத் திருகினேன்; டியூபில் காற்று இறங்குவதுபோல் "உஸ்ஸ்" என்று ஒரு சத்தம் எழுந்தது. மூடியின் உட்புறத்தில் குண்டூசி நுழையும் அளவுக்கு ஒரு துளை உண்டு. டீசல் குறையக் குறைய அந்தத் துளை வழியாகத்தான் காற்று உள்ளே போய் இடத்தை நிரப்ப வேண்டும். செம்மண் தூசியும் டீசல் ஈரமும் சேர்ந்து அதை அரக்கு வைத்ததுபோல் அடைத்திருந்தன. டேங்குக்குள் வெற்றிடம் கூடக் கூட டீசல் கீழே இறங்க மறுத்திருக்கிறது. ஒரு மெல்லிய கம்பியை விட்டுக் குத்தி, மூடியை டீசலில் கழுவி மாட்டியதோடு அந்தக் கோளாறு தீர்ந்தது. பம்புக்குச் செலவழித்த பணம் திரும்பி வரவில்லை.

ஆகவே ஓடி நிற்கும் வண்டியில் முதல் சோதனை, நின்றவுடனே டேங்க் மூடியைத் தளர்த்திப் பார்ப்பது. அது சரியென்றால் டேங்கிலிருந்து டீசல் இறங்கும் வாயைச் சோதிக்க வேண்டும். குழாயை ஃபில்டர் முனையில் கழற்றிப் பாத்திரத்தில் பிடித்தால், டேங்க் மேலே இருக்கும் வண்டிகளில் டீசல் தடையின்றி ஒழுக வேண்டும்; ஒழுகி, மெலிந்து, சொட்டாகிவிட்டால் டேங்குக்குள் சாக்குத் துணுக்கோ, இலையோ, புனலில் ஒட்டியிருந்த நாரோ வாயை அடைக்கிறது.

அடுத்து, தண்ணீர். பேரலில் வாங்கி வைத்த டீசலில் அடியில் தண்ணீர் தங்கும். அரை டேங்கோடு இரவில் நிற்கும் வண்டியிலும் குளிர்ந்த காற்றிலிருக்கும் ஈரம் உட்சுவரில் வியர்த்து இறங்கும். வேலை முடிந்த மாலையிலேயே டேங்கை நிரப்பி வைப்பது இதற்கு நல்ல மருந்து. ஃபில்டருக்கு அடியிலுள்ள கிண்ணத்தின் திருகை வாரம் ஒருமுறை திறந்து, கண்ணாடி டம்ளரில் கால்வாசி பிடித்துப் பாருங்கள். தண்ணீர் அடியில் தனியாக, முத்து முத்தாக நிற்பது தெரியும். பேரலிலிருந்து எடுக்கும்போது குழாயை அடிவரை விடாமல் நான்கு விரல் மேலேயே நிறுத்தி இழுக்க வேண்டும்.

இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். ஃபீடு பம்பு டீசலை உறிஞ்சுகிற பக்கத்தில் குழாய் விரிசல் விட்டாலோ கிளிப் தளர்ந்தாலோ டீசல் வெளியே சொட்டாமலே காற்று மட்டும் உள்ளே போகும். "எங்கேயும் கசிவு இல்லை, ஆனால் தினமும் ஏர் எடுக்க வேண்டியிருக்கிறது" என்பவர்கள், டேங்கிலிருந்து பம்பு வரையுள்ள ரப்பர் குழாய்களையும் வாசர்களையும் மொத்தமாக மாற்றிவிடுவதே சிக்கனம்.

புகையின் நிறம்

கரும்புகை என்றால் டீசலுக்கு ஏற்ற காற்று கிடைக்கவில்லை, அல்லது எஞ்சின் தாங்கும் பளுவுக்கு மேல் இழுக்கிறோம் என்று பொருள். கியரை ஒன்று குறைத்துப் பாருங்கள். புகை அடங்கினால் வண்டியில் குறையில்லை. அடங்கவில்லை என்றால் ஏர் ஃபில்டரைத் திறக்க வேண்டும். காகித ஃபில்டரைத் தட்டி உதறி, உட்புறத்திலிருந்து வெளிப்புறமாக, 30 பி.எஸ்.ஐ.-க்கு மேல் போகாமல் காற்றடிக்கலாம். பஞ்சர் கடையில் முழு அழுத்தத்தில் அடித்தால் காகிதத்தில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் விழும், அதன் வழியே போகும் மண் பிஸ்டன் ரிங்கை அரைத்துவிடும். சுத்தம் செய்த ஃபில்டருக்குள் ஒரு டார்ச்சை எரியவிட்டு வெளியிலிருந்து பாருங்கள். வெளிச்சம் புள்ளியாகக் குத்தினால் அதைத் தூக்கி எறியுங்கள். உள்ளே இருக்கும் சிறிய இரண்டாவது ஃபில்டரைச் சுத்தம் செய்யக்கூடாது, மாற்ற மட்டுமே வேண்டும். ஆயில் தொட்டி வகை ஃபில்டரில் ஆயில் கோட்டுக்கு மேல் ஊற்றினால் எஞ்சின் அதை உறிஞ்சி நீலப்புகை விடும்.

நீலப்புகைக்கு மற்றக் காரணங்கள், எஞ்சின் ஆயில் அளவு மீறியிருப்பது, ரிங்குகள் தேய்ந்திருப்பது. சூடான பிறகும் வெண்புகை நிற்காமல், ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்துகொண்டே போனால் ஹெட் கேஸ்கட் (எஞ்சின் தலைப்பகுதிக்கு அடியில் கசிவைத் தடுக்கும் தகடு) போயிருக்க வாய்ப்பு உண்டு. அந்த நிலையில் வண்டியை ஓட்டவே கூடாது.

சூடு முள் மேலே ஏறுகிறது

கருவியைத் தூக்கி, பளுவை நீக்கி, எஞ்சினைச் சற்றே குறைந்த வேகத்தில் இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டுப் பிறகு நிறுத்துங்கள். ஆனால் பெல்ட் அறுந்திருந்தாலோ, தண்ணீர் பீறிட்டாலோ உடனே நிறுத்த வேண்டும். ரேடியேட்டர் மூடி ஏறத்தாழ 0.9 பார் அழுத்தத்தைத் தாங்கிப் பிடிப்பதால் உள்ளே தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கிறது. மூடியைத் திறந்த கணத்தில் முழுவதும் கொதித்து முகத்தில் அடிக்கும். கையால் தொடும் அளவுக்கு ஆறும்வரை காத்திருங்கள்.

ஆறிய பிறகு முதலில் முன் வலையைப் பாருங்கள். சிறு டிராக்டரின் ரேடியேட்டர் தரைக்கு அருகில் இருப்பதால் பூங்கதிரும் சருகும் மஞ்சள் தாளின் பொடியும் அதில் பஞ்சுபோல் அப்பிக்கொள்ளும். உழவுக் காலத்தில் தினமும் மதியம் வலையை இழுத்து உதறுவது ஒரு நிமிட வேலை. ரேடியேட்டரை எஞ்சின் பக்கத்திலிருந்து முன்பக்கமாகக் காற்றடித்துச் சுத்தம் செய்ய வேண்டும். வாட்டர் சர்வீஸில் முழு வேகத்தில் அடித்தால் மெல்லிய தகடுகள் மடிந்து காற்று புகாமல் போகும். ஃபேன் பெல்ட்டின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் ஏறத்தாழ 10 மி.மீ. அமுங்க வேண்டும்.

போர்வெல் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றுவது நம் பகுதியில் நடக்கும் பெரிய தவறு. வீட்டுச் சட்டியில் படியும் அதே வெள்ளை உப்பு எஞ்சினுக்குள்ளும் படியும். டிஸ்டில்டு வாட்டரும் கூலண்டும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள். நம் ஊரில் பனி உறையாவிட்டாலும் துரு பிடிக்காமல் காப்பதற்கே கூலண்ட் தேவை.

ஆயில் விளக்கு எரிகிறது

இதற்குக் காத்திருத்தல் கிடையாது. அந்த நொடியே எஞ்சினை நிறுத்த வேண்டும். ஐந்து நிமிடம் கழித்து டிப் ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். அளவு குறைந்திருந்தால் ஊற்றிக் கசிவைத் தேடலாம். அளவு கூடியிருந்து டீசல் வாடை அடித்தால் ஃபீடு பம்பு வழியாகவோ டீசல் பம்பு வழியாகவோ டீசல் உள்ளே இறங்குகிறது. பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. இவ்விரண்டிலும் எஞ்சினை மறுபடி ஓட்டாமல் பட்டறைக்குக் கட்டி இழுத்துச் செல்லுங்கள்.

லிஃப்ட் தூக்கவில்லை, அல்லது ஆடுகிறது

பல சிறு டிராக்டர்களில் கியர் பாக்ஸுக்கும் லிஃப்டுக்கும் ஒரே ஆயில்தான். ஆகவே கியர் ஆயில் குறைந்தால் லிஃப்ட்தான் முதலில் முறையிடும். காலையில் மெதுவாகத் தூக்கிச் சூடேறியதும் சரியாகும் வண்டியில் உறிஞ்சும் பக்கத்து ஃபில்டர் அடைத்திருக்கலாம். காலையில் நன்றாகத் தூக்கிச் சூடேறியதும் தளரும் வண்டியில் பம்போ சீலோ தேய்ந்திருக்கலாம், ஏனெனில் சூட்டில் நீர்த்த ஆயில் தேய்ந்த இடுக்குகள் வழியே நழுவிவிடும். கருவி தானாக ஏறி இறங்கி ஆடினால், கோளாறு என்று முடிவு செய்யும் முன் டிராஃப்ட் லீவர் எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள். அது மண்ணின் இறுக்கத்துக்கு ஏற்பக் கருவியை ஏற்றி இறக்குவது. கலப்பைக்கு உதவும், ரொட்டவேட்டருக்கு, கருவியை ஒரே உயரத்தில் நிறுத்தும் பொசிஷன் லீவரே ஏற்றது. முழு உயரத்தில் கீச்சென்ற சத்தம் தொடர்ந்தால் லீவரைச் சற்று இறக்குங்கள். அழுத்தம் மிஞ்சாமல் காக்கும் ரிலீஃப் வால்வு வீணாகத் திறந்து ஆயிலைச் சூடாக்குகிறது.

எஞ்சின் நின்றதும் தூக்கிய கருவி சில நிமிடங்களில் தரைக்கு வந்துவிட்டால் சிலிண்டர் ஓ-ரிங் அல்லது வால்வு கசிகிறது. எப்படியிருந்தாலும், தூக்கி நிற்கும் ரொட்டவேட்டருக்கு அடியில் மரக்கட்டை முட்டுக் கொடுக்காமல் கையை நீட்டாதீர்கள்.

சேற்றுழவுக்குப் பிறகு கிளட்ச்

கியர் விழும்போது கறகறவென்றால் மிதியின் இடைவெளி, அதாவது கிளட்ச் விடுபடத் தொடங்கும் முன் மிதி சும்மா நகரும் தூரம், அதிகம். எஞ்சின் வேகம் ஏறியும் வண்டி நகரத் தயங்கினால் இடைவெளி குறைந்து பிளேட் நழுவுகிறது. மேனுவலில் சொன்ன அளவுக்கு, வழக்கமாக 20 முதல் 30 மி.மீ. வரை, சரிசெய்யுங்கள். கிளட்ச் பெட்டிக்கு அடியில் ஒரு வடிகால் துளை இருக்கும். நாற்றங்கால் சேற்றில் ஓட்டிய மறுநாள் அதைத் திறந்து பாருங்கள். சேற்றுத் தண்ணீர் வந்தால் வடித்துவிடலாம். ஆயில் வந்தால் சீல் போயிருக்கிறது. மழைக்காலத்தில் பல வாரம் நிறுத்தும்போது மிதியை அமுக்கியபடி கட்டையால் பூட்டி வைத்தால் பிளேட் துருவேறி ஒட்டிக்கொள்ளாது.

சாலையில் ஒருபக்கம் இழுக்கிறது

இடது, வலது பிரேக் மிதிகளின் இடைவெளி சமமாக இருக்க வேண்டும். காட்டிலிருந்து சாலைக்கு ஏறும் முன் இரு மிதிகளையும் கொண்டியால் இணைத்துவிடுங்கள். ஏறத்தாழ ஒரு மீட்டர் அகலமே உள்ள வண்டி, ஓட்டத்தில் ஒரு பக்கம் மட்டும் பிரேக் பிடித்தால் கவிழ்ந்துவிடும். நான்கு சக்கர இழுவையையும் தார்ச்சாலையில் விடுவித்துவிட வேண்டும்; முன் சக்கரம் சற்று வேகமாகச் சுற்றும்படி அமைந்திருப்பதால் கெட்டியான தரையில் முன் டயரும் கியரும் ஒன்றையொன்று தின்னும். முன் டயரை மாற்றும்போது வேறு அளவு போடக்கூடாது என்பதற்கும் இதுவே காரணம்.

ரொட்டவேட்டர் அதிர்கிறது, தட்டுகிறது

24 குதிரைத்திறன் வண்டிக்கு மூன்றிலிருந்து நான்கு அடி ரொட்டவேட்டர் பொருத்தமானது. அதைவிட அகலமானதை மாட்டினால் கரும்புகையும் கிளட்ச் தேய்மானமும் தொடரும். பின்னால் கருவியைத் தூக்கும்போது முன்பக்கம் லேசாகிறதென்றால் முன் எடைக் கட்டிகளைச் சேருங்கள். மொத்த எடையில் ஐந்தில் ஒரு பங்காவது முன் அச்சில் இருந்தால்தான் ஸ்டீயரிங் பேச்சைக் கேட்கும்.

அதிர்வு வந்தால் பிளேடுகளை எண்ணுங்கள். ஒன்று குறைந்தாலும் ரோட்டர் தள்ளாடும். உயரத் தூக்கும்போது மட்டும் அதிர்ந்தால் பி.டி.ஓ. தண்டின் சாய்வு அதிகம். லிஃப்டின் உச்ச உயரத்தைக் கட்டுப்படுத்துங்கள். தண்டின் இரு குழாய்களும் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு நீளம் ஒன்றுக்குள் ஒன்று இருக்க வேண்டும், அதன் பிளாஸ்டிக் உறை எப்போதும் மாட்டியே இருக்க வேண்டும். பளு மிஞ்சும்போது கருவியைக் காக்கத் தானே அறுந்துவிடும் ஷியர் போல்ட் அடிக்கடி அறுகிறதென்று கடினமான போல்ட்டைப் போடுபவர்கள், அடுத்த கல் இடறும்போது கியர் பாக்ஸையே உடைத்துக்கொள்கிறார்கள்.

சொட்டுநீர்க் குழாய் விரித்த காட்டில் ஓட்டியவர்கள் ரோட்டரின் இரு முனைகளையும் குனிந்து பார்க்க வேண்டும். அறுந்த லேட்டரல் குழாயும் வாழைநாரும் அங்கே இறுகச் சுற்றி, சீலுக்குள் நுழைந்து அதை வெட்டிவிடும். முதலில் ஆயில் கறையாகத் தெரியும், கவனிக்காமல் விட்டால் பேரிங் கத்தத் தொடங்கும். எஞ்சினை நிறுத்தி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, ஒரு அரிவாள் முனையால் அந்தச் சுற்றுகளை ஒவ்வொன்றாக அறுத்து எடுத்து, பெட்டியில் ஆயில் அளவைப் பார்த்த பிறகே அடுத்த வரிசைக்குத் திருப்புங்கள்.